ஆங்கிலத் தகுதித் தேர்வுக்குப் பயிற்சி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நாகர்கோவில், மார்த்தாண்டம் தொடங்கித் திருச்சி, தஞ்சாவூர், கோவை வரை வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ், ஓஇடி முதலிய ஆங்கிலத் தகுதித் தேர்வுகளுக்குப் பயிற்சி மையம் நடத்திவரும் உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். நானும் இதே தொழிலில் இருப்பவள்தான். நாகர்கோவிலில் ஒரு சிறிய அறையில், பெரும்பாலும் செவிலியர்களுக்கு, மாலை வேளைகளிலும் அவர்கள் இரவுப் பணி முடித்து வரும் காலை வேளைகளிலும் ஆங்கிலம் எழுதவும் பேசவும் கற்றுத் தருகிறேன். என்னிடம் வருவோரில் பலர் ஏற்கெனவே வேறொரு மையத்தில் படித்து, தேர்வும் எழுதி, கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளில் ஒன்றில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்ததால் வழியடைபட்டு நிற்பவர்கள். அந்த ஒரு பகுதி, அநேகமாக, எழுத்துப் பகுதியாகவே இருக்கிறது. அது ஏன் அப்படி இருக்கிறது, அதில் நாம் கற்பிக்கும் முறைக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைத் தொழிலுக்குள் இருக்கும் நாமே வெளிப்படையாகப் பேசியாக வேண்டும் என்று கருதியே இதை எழுதத் துணிந்தேன்.

நம்மிடம் வருவோர் யார் என்பது உங்களுக்கும் தெரியும். தனியார் மருத்துவமனையில் பகல் பணி, இரவுப் பணி என்று மாறி மாறி உழைத்துக்கொண்டே படிக்க வருகிறவர்கள் அவர்கள். நர்சிங் படித்த கல்விக் கடன் தீர்ந்திருக்காது. பயிற்சிக் கட்டணத்துக்காக ஒரு ஜோடி வளையலோ சங்கிலியோ அடகுக் கடைக்குப் போயிருக்கும். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு மட்டும் 16,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். ஓஇடி தேர்வென்றால் கட்டணம் 30,000 ரூபாயைத் தாண்டிவிடும். பெற்ற மதிப்பெண்ணும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அங்குள்ள என்எம்சி எனப்படும் செவிலியர் மன்றம் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 கேட்கிறது. எழுத்துக்கும் 7 கேட்டுக்கொண்டிருந்த அந்த மன்றம் 2018-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அதை 6.5 ஆகக் குறைத்தது. குறைத்த பிறகும் நம் பிள்ளைகள் 6-இல் நின்றுவிடுகிறார்கள் என்றால், அவர்களுடைய உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் அவர்களுக்கு எதைக் கற்றுக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதையே பார்க்கத் தோன்றுகிறது.

முதலில் காலக் கணக்கு. நம் ஊர்ச் சுவர்களிலும் பேருந்துகளின் பின்புறத்திலும் "30 நாளில் 7 பேண்ட்" (பேண்ட் என்பது ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்) என்ற விளம்பரத்தைக் காணாதவர் இருக்க முடியாது. ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பங்குதாரர்களில் ஒன்றான கேம்பிரிட்ஜ் நிறுவனமே, ஆங்கிலத்தில் ஒவ்வொரு படிநிலையையும் எட்ட ஆசிரியர் துணையோடு ஏறத்தாழ எத்தனை மணி நேரம் கற்க வேண்டியிருக்கும் என்று ஒரு பொதுக் கணக்கை வெளியிட்டிருக்கிறது. பி1, பி2, சி1 என்பவை மொழித் திறனில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிநிலைகள். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் பி1 நிலைக்கு 350 முதல் 400 மணி நேரம், பி2 நிலைக்கு 500 முதல் 600, சி1 நிலைக்கு 700 முதல் 800 என்பது அக்கணக்கு. 5.5 மதிப்பெண் பி2-வின் வாசல். 7 என்பது சி1-இன் வாசல். ஆக, 5.5-இல் இருக்கும் ஒருவர் 7-ஐ எட்டுவதற்கு முழுதாக ஒரு படிநிலை ஏற வேண்டும். அதற்குச் சுமார் 200 மணி நேரம் பிடிக்கும். நாம் விற்கும் 30 நாள் வகுப்போ, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 60 மணி நேரம்தான். இந்தக் கணக்கை வகுப்பில் சேர வரும் பிள்ளையிடமும், உடன் வந்திருக்கும் தாய் தகப்பனிடமும் நாம் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த தெருவில் இருக்கும் மையத்துக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த அச்சம் பொய்யானதல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும் அதற்குரிய விலையை ஒவ்வொரு முறையும் கட்டுகிறவர் அந்தப் பிள்ளைதான்.

ஏற்கெனவே 6.5-இல் இருப்பவருக்கு ஒரு மாதம் போதுமானதாக இருக்கலாம். தேர்வின் அமைப்பு, நேரப் பங்கீடு, கேள்வி வகைகள் ஆகியவற்றைப் பழக்கினாலே அவர் தேறிவிடுவார். பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்து, கல்லூரியிலும் மருத்துவச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் கற்று, இப்போது 5-இல் நிற்பவருக்கு அதே ஒரு மாதத்தை அதே கட்டணத்துக்குக் கொடுப்பது எந்த வகையிலும் நியாயமாகாது. இந்த இருவரையும் ஒரே பேட்சில் உட்கார வைத்து, ஒரே அச்சிட்ட கையேட்டைக் கொடுத்து, ஒரே நாளில் தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லுகிறோம். சேர்க்கை நாளிலேயே முழு மாதிரித் தேர்வு ஒன்றை வைத்து, எழுத்தையும் பேச்சையும் நேர்மையாக மதிப்பிட்டு, "உங்களுக்கு ஆறு மாதம் வேண்டும்" என்று சொல்ல வேண்டியவரிடம் அப்படியே சொல்வதுதான் நம் தொழிலின் முதல் கடமை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, நான் மிகவும் வருந்தி எழுதும் செய்தி: டெம்ப்ளேட், அதாவது எந்தத் தலைப்புக்கும் ஒட்டிக்கொள்ளும்படி மனப்பாடம் செய்யத் தரும் வார்ப்பு வரிகள். என்னிடம் வந்த ஒரு செவிலியர் முந்தைய மையத்தில் எழுதிய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். நாற்பது பக்க நோட்டில் கட்டுரைகள் வரிசையாக இருந்தன. முதியோர் இல்லம் பற்றிய கட்டுரை, விளம்பரங்கள் பற்றிய கட்டுரை, மரண தண்டனை பற்றிய கட்டுரை என்று தலைப்புகள் மாறினாலும், ஒவ்வொன்றும் "இன் திஸ் கான்டெம்பரரி எரா, இட் இஸ் அன் இர்ரெஃப்யூட்டபிள் ஃபேக்ட் தட்" என்ற ஒரே வரியில்தான் தொடங்கியது. இரண்டாம் பத்தியில் "தேர் ஆர் எ ப்ளெதோரா ஆஃப் ரீசன்ஸ்" என்ற வரி. கடைசிப் பத்தியில் "டு ரெகபிச்சுலேட்" என்ற சொல். இவற்றுக்கு நடுவே வந்த அவருடைய சொந்த வாக்கியங்களில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் இல்லை, காலம் தடுமாறியது. இவை எதன் கீழும் திருத்தக் கோடு இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் ஒரு சரிக்குறியும் "குட்" என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. அவர் அந்த மையத்தை நம்பினார். நோட்டில் இருந்ததைத் தேர்வில் அப்படியே எழுதினார். எழுத்தில் 5.5 வந்தது.

தேர்வாளர் எதைப் பார்க்கிறார் என்பது மறைபொருள் அல்ல. கேட்டதற்கு விடை சொல்லியிருக்கிறதா, கருத்துகள் கோவையாக வருகின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்ற நான்கு அளவுகோல்களையும், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் உரிய விளக்கத்தையும் தேர்வு நடத்துவோரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நான்குக்கும் சம மதிப்பு. மனப்பாடம் செய்த தொடர்களைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. விடை முழுவதும் மனப்பாடம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானால் அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. இரவல் வாங்கிய பட்டு வரிக்கு அடுத்த வரியிலேயே ஒருமை பன்மை தடுமாறினால், எது தன் சொல், எது மனப்பாடம் என்பது படிக்கிற எவருக்கும் தெரிந்துவிடும். எளிய சொற்களில், கேட்ட கேள்விக்கு நேராக, பிழை குறைவாக எழுதிய 260 சொற்கள், இப்படி ஒட்டுப்போட்ட 300 சொற்களைவிட எப்போதும் மேலானவை. மூன்று பத்திகளை மனப்பாடம் செய்யச் செலவிட்ட வாரத்தில் அந்தப் பெண் சொந்தமாக ஆறு பத்திகள் எழுதி, திருத்தி, மீண்டும் எழுதியிருக்கலாம். இழப்பு அங்கேதான் நேர்கிறது.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஆங்கிலம் எழுதும்போது எங்கே இடறுகிறார் என்பது நமக்கு ஓரளவு முன்கூட்டியே தெரிந்த செய்தி. அதை அறிந்து கற்பிப்பதுதான் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பயிற்சி தரும் நமக்குள்ள தனிப் பலம். அந்தப் பலத்தை நாம் பயன்படுத்துவதே இல்லை. "நோயாளி நேற்று வந்திருக்கிறார்" என்று தமிழில் தடையில்லாமல் சொல்லலாம். அந்தப் பழக்கத்தில் "ஹேஸ் கம் எஸ்டர்டே" என்று எழுதிவிடுகிறார்கள். நேற்று என்று நாளைக் குறித்துவிட்டால் ஆங்கிலம் அந்த வடிவத்தை ஏற்காது. பத்து வாக்கியங்களைத் தமிழில் கொடுத்து, எதில் காலக் குறிப்பு இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்துக் காட்டினால் ஒரே மாலையில் இது பிடிபட்டுவிடுகிறது. அதுபோலவே, "காயத்தைத் துடைத்து, மருந்து வைத்து, கட்டுப் போட்டு, வீட்டுக்கு அனுப்பினோம்" என்று வினையெச்சங்களை அடுக்கிச் செல்வது நம் மொழியின் அழகு. அதையே ஆங்கிலத்தில் காற்புள்ளிகளால் கோத்துக்கொண்டே போனால் வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும். "எ" (a), "த" (the) என்ற சிறு சொற்கள் இன்னொரு தொல்லை. முதன்முறை சொல்லும்போது ஒன்று, ஏற்கெனவே சொன்னதைச் சுட்டும்போது மற்றொன்று என்ற விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள், எழுதும்போது விட்டுவிடுவார்கள். இதற்கு விதியைவிட வாசிப்பே மருந்து. நாள்தோறும் ஒரு பக்கம் நல்ல ஆங்கிலம் படித்து, அதில் அந்தச் சொற்களை மட்டும் வட்டமிடச் சொன்னால் சில வாரங்களில் கண் பழகிவிடும். இவை எதற்கும் டெம்ப்ளேட் உதவாது. ஆசிரியர் ஒவ்வொருவருடைய நோட்டையும் வாங்கி, வரிவரியாகப் படித்து, ஏன் பிழை என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தர வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். கட்டணம் வாங்குவது அந்த வேலைக்காகத்தானே?

ஓஇடி தேர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவத் துறையினருக்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவான தேர்வு அது. பிரிட்டனின் என்எம்சி 2017 முதல் இதையும் ஏற்றுக்கொள்கிறது. இதன் எழுத்துப் பகுதி 45 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் நோயாளியைப் பற்றிய குறிப்புகளை வாசிக்க, மீதி நாற்பது நிமிடம் ஒரு கடிதம் எழுத. ஏறத்தாழ 180 முதல் 200 சொற்களில், சமூகச் செவிலியருக்கோ மருத்துவருக்கோ அந்த நோயாளியை ஒப்படைத்து எழுதும் கடிதம் அது. நம் செவிலியர்களுக்கு இதைவிடப் பழகிய வேலை வேறில்லை என்றே நான் நினைக்கிறேன். இரவு எட்டு மணிக்குப் பணி மாறும்போது வார்டில் அவர்கள் ஒப்படைப்பதைக் கேட்டிருப்பீர்கள். "ஆறாம் நம்பர் பெட், சர்க்கரை நோயாளி, கால் புண்ணுக்கு இன்று காலை டிரெஸ்ஸிங் மாற்றியாச்சு, மாலையில் சர்க்கரை இறங்கிவிட்டது, இன்சுலின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார், இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்." அடுத்து வருபவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும், எது அவசரமோ அது முதலில். அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதே பெண் பயிற்சி மையத்தில் கற்றபடி கடிதம் எழுதும்போது, நோயாளியின் பிறந்த தேதி, திருமண நிலை, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட குடல்வால் அறுவை, தந்தைக்கு இருந்த இரத்த அழுத்தம் என்று குறிப்பில் உள்ள வரிசையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார். கால் புண்ணுக்கு யார் எப்போது டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும் என்ற செய்தி கடைசி வரியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அத்தேர்வின் ஆறு அளவுகோல்களில் முதலாவது, கடிதத்தின் நோக்கம் தொடக்கத்திலேயே புலப்படுகிறதா என்பது. தேவையற்றதை விலக்கியிருக்கிறாரா என்பதும் தனி அளவுகோல். என் அறையில் நான் செய்வது இதுதான்: குறிப்புத் தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, "நான்தான் அடுத்த ஷிப்ட், எனக்கு ஒப்படைத்துக் கொடு" என்று கேட்பேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து அவர் சொல்வார். சொன்ன வரிசையை அப்படியே தாளில் எழுதி, அதை ஆங்கில வாக்கியங்களாக்கச் சொல்வேன். கடிதத்தின் கட்டமைப்பு அவரிடமே இருந்தது என்பது அப்போது அவருக்கே தெரியவரும். மொழியைத் திருத்துவது மட்டுமே மிச்சம். வார்டில் ஆறு ஆண்டு நின்று கற்ற அறிவை மறக்கச் செய்து, அந்த இடத்தில் ஓர் அச்சுப் படிவத்தை வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்று உங்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பேச்சுப் பகுதிக்கும் இது பொருந்தும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை "இந்தக் கேள்விகள்தான் வரும்" என்று ஒரு கணிப்புப் பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதற்கு எழுதப்பட்ட விடைகளைச் சில மையங்கள் விலைக்கே தருகின்றன. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும் நேர்முக உரையாடல். நடுவில் ஒரு தலைப்பு தந்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மனப்பாட விடை அங்கே ஒருவேளை தப்பித்தாலும், அதைத் தொடர்ந்து வரும் மூன்றாம் பகுதியில் தேர்வாளர் குறுக்குக் கேள்விகள் கேட்கும்போது குரலும் வேகமும் சட்டென்று மாறிவிடும். ஓஇடி பேச்சுத் தேர்வில் நோயாளியாக நடிப்பவர் அஞ்சி அழும்போது "டோன்ட் வொர்ரி, எவ்ரிதிங் வில் பி ஆல்ரைட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவும் பழக்கத்தை நாம்தான் ஊட்டுகிறோம். நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொண்டாரா, பேச இடம் கொடுத்தாரா என்பதற்கு அங்கே மதிப்பெண் உண்டு. நம் செவிலியர்களுக்கு அது கைவந்த கலை. ஆங்கிலத்தில் அதைச் செய்யும் துணிவை ஊட்ட வேண்டும், அவ்வளவே.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். வெள்ளைக்காரர் போலப் பேசச் சொல்லி அவர்களை நாணவைக்க வேண்டாம். தேர்வு கேட்பது தெளிவை. "ஹெல்ப்பு", "மில்க்கு" என்று மெய்யெழுத்தில் முடியும் சொற்களுக்குப் பின்னால் உகரம் சேர்வதையும், தமிழ் எழுத்தில் வேறுபாடு காட்டாத ஒலிகளில் சறுக்குவதையும், சொல்லுக்குள் அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதையும் திருத்தினால் போதும். நாகர்கோவில் தமிழின் சாயல் ஆங்கிலத்தில் தெரிவது குற்றமே அல்ல.

கேட்டல், வாசித்தல் பகுதிகளில் நம் மையங்கள் ஓரளவு நன்றாகவே செய்கின்றன. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழக்குவது அங்கே பலன் தருகிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். "உண்மை, பொய், குறிப்பிடப்படவில்லை" என்ற வகைக் கேள்வியில் செவிலியர்கள் தவறுவதற்குக் காரணம் ஆங்கிலக் குறைவு மட்டுமல்ல. பத்தி தூக்கத்தைப் பற்றியோ நோய்த்தடுப்பைப் பற்றியோ இருந்தால், தங்களுக்குத் தெரிந்த மருத்துவ உண்மையை வைத்து விடை எழுதிவிடுகிறார்கள். பத்தியில் எழுதியிருப்பது எது, நாம் அறிந்திருப்பது எது என்று விரல் வைத்துப் பிரித்துக் காட்ட வேண்டும்.

இனி, தகவல் நேர்மை. சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு செவிலியர் முதல் முறை எழுதியபோது கேட்டலில் 7, வாசித்தலில் 7, பேச்சில் 7.5, எழுத்தில் 6 பெற்றிருந்தார். ஐந்து மாதம் கழித்து இரண்டாம் முறை எழுதியபோது எழுத்தில் 6.5 வந்துவிட்டது; ஆனால் கேட்டல் 6.5 ஆக இறங்கிவிட்டது. அவர் பயின்ற மையம், மூன்றாம் முறை எழுதவும் புதிய பேட்சில் சேரவும் சொல்லிப் பணமும் வாங்கிவிட்டது. என்எம்சி 2023 பிப்ரவரி முதல், 12 மாத இடைவெளிக்குள் எழுதிய இரு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்து ஏற்கிறது; எந்தப் பகுதியும் தேவைப்படும் அளவுக்குக் கீழே அரை மதிப்பெண்ணுக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. அவர் இரண்டாம் முடிவு வந்த நாளிலேயே தகுதி பெற்றுவிட்டார். அந்த மன்றத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கக்கூடிய ஒரு பக்கத்தை ஒருமுறை படித்திருந்தால் மூன்றாம் கட்டணம் மிஞ்சியிருக்கும். அந்த மையத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை; அறியாமல் நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் விதிகளை அறிந்திருப்பது பயிற்சி தருவோரின் வேலை. கனடா தன் விரைவு மாணவர் விசாத் திட்டத்தை 2024 நவம்பரில் மூடியபின்பும், அதை நம்பவைத்து ஆள் சேர்க்கும் பழைய பதாகைகள் தொங்கினால் அதற்குப் பொறுப்பு யார்? ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் வசதி ஐஇஎல்டிஎஸ் கணினித் தேர்வில் வந்துவிட்டது. முதல் தேர்வு நாளிலிருந்து 60 நாளுக்குள் அதை எழுதிவிட வேண்டும், எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதும் இல்லை. மறுமதிப்பீடு கேட்க ஆறு வாரக் கெடு உண்டு. மதிப்பெண் மாறினால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். இவற்றையெல்லாம் முதல் நாளே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் கனடாவிலிருந்து படகில் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்று, படகு மூழ்கும் நிலையில் மீட்கப்பட்ட இந்திய இளைஞர்களுள் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தவர் இருந்தனர். அமெரிக்க நீதிமன்றத்தில் நீதிபதி ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்கு அவர்களால் விடை சொல்ல முடியவில்லை. அவர்கள் கையிலோ 6.5, 7 என்ற ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்கள் இருந்தன. தேர்வில் நடந்த மோசடி பற்றி மெஹ்சானா காவல்துறை விசாரிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன், 2014-இல், பிரிட்டனில் டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வின் மையங்கள் சிலவற்றில் ஆள்மாறாட்டம் நடந்ததை பிபிசி தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. 58,000-க்கும் மேற்பட்ட தேர்வுகளில் 97 சதவீதத்தைச் செல்லாதவை அல்லது ஐயத்துக்குரியவை என்று தேர்வை நடத்திய நிறுவனம் அறிவித்தது. அதன் அடிப்படையில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் விசாவை இழந்தார்கள். தாமே தேர்வு எழுதியவர்களும் அவர்களுக்குள் சிக்கி, தம் நேர்மையை மெய்ப்பிக்க ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். சிலர் செய்த மோசடிக்கு ஊரே சேர்ந்து தண்டம் கட்டிய கதை அது. "வினாத்தாள் எங்களிடம் இருக்கிறது", "தேர்வெழுதாமலே சான்றிதழ்" என்று வரும் செய்திகளை நம் மாணவர் குழுக்களில் எவராவது பகிர்ந்தால், அதை நீக்கிவிட்டு ஏன் நீக்கினோம் என்பதையும் நாம் அங்கேயே எழுத வேண்டும்.

உங்களுடைய சிரமங்களை நான் அறியாதவள் அல்ல. கடை வாடகை, ஆசிரியர் சம்பளம், விளம்பரச் செலவு எல்லாம் எனக்கும் உண்டு. "மேடம், டெம்ப்ளேட் கொடுங்கள், அது போதும்" என்று மாணவர்களே கேட்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களை அப்படிக் கேட்கப் பழக்கியது பன்னிரண்டாம் வகுப்பு வரை கோனார் உரை போன்ற கையேடுகளையும் வினா விடைத் தொகுப்புகளையும் ஒப்பித்தே வளர்த்த கல்வி முறை. அந்தப் பழியை நாம் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. ஆயினும், நோயாளி கேட்கிறார் என்பதற்காக வேண்டாத ஊசியைப் போடும் செவிலியரை நாம் ஏற்போமா? நல்ல மையங்களும் நம்மிடையே இருக்கின்றன. எட்டுப் பேருக்கு மேல் ஒரு பேட்சில் சேர்க்காமல், வாரம் இரண்டு கட்டுரைகளைத் திருத்தித் தரும் ஆசிரியர்களை எனக்கு நேரடியாகத் தெரியும். அவர்களுடைய மாணவர்கள் காலம் எடுத்துக்கொண்டாலும் ஒரே முறையில் தேறிப் போகிறார்கள். போன இடத்தில் தொலைபேசியில் மருந்தின் அளவை ஆங்கிலத்தில் கேட்டுப் பிழையின்றி எழுதிக்கொள்கிறார்கள்.

ஆகவே, அடுத்த பேட்ச் தொடங்கும் முன் நீங்கள் செய்ய வேண்டும் என்று நான் கேட்பவை இவை. சேர வருவோர் ஒவ்வொருவருக்கும் கட்டணம் வாங்குமுன் முழு மாதிரித் தேர்வு வைத்து, அதன் முடிவையும் தேவைப்படும் காலத்தையும் எழுத்தில் கையொப்பமிட்டுக் கொடுங்கள். நாட்கணக்கையும் மதிப்பெண்ணையும் சேர்த்து உறுதி சொல்லும் விளம்பரங்களை எடுத்துவிடுங்கள். மாணவர் எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் கடிதமும் வரிவரியாகத் திருத்தப்பட்டு மூன்று நாளுக்குள் அவர் கைக்குத் திரும்பட்டும். அதற்கு ஆள் போதாதென்றால் பேட்சின் அளவைக் குறையுங்கள். எந்த நாட்டுக்கு, எந்தப் பணிக்கு, எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்பதை அந்தந்த மன்றத்தின் பக்கத்திலிருந்தே மாதம் ஒருமுறை சரிபார்த்து, வாசலில் இருக்கும் பலகையில் தேதியிட்டு எழுதிவையுங்கள். தேர்வுக்கு இன்னும் தயாராகாதவரைப் பணம் கட்ட அவசரப்படுத்தாதீர்கள்.

என்னிடம் செவிலியர்கள் எழுதிய கடிதங்கள், அவற்றின் முதல் படியும் திருத்திய படியும் அருகருகே வைத்து, பெயர்கள் நீக்கப்பட்டு, எழுதியவர்களின் இசைவோடு ஒரு தொகுப்பாக இருக்கின்றன. தமிழர் செய்யும் பிழைகளை வகைப்படுத்திய பயிற்சித் தாள்களும் இருக்கின்றன. எந்த மையம் கேட்டாலும் விலையின்றித் தருகிறேன். உங்களிடம் இருப்பதையும் எனக்குத் தாருங்கள். ஞாயிறு மாலைகளில் என் அறை காலியாகவே இருக்கும். திருத்தும் முறையைப் பற்றிச் சேர்ந்து உட்கார்ந்து பேச விரும்பும் ஆசிரியர் எவரும் ஒரு கட்டு நோட்டுகளோடு வரலாம்.

இங்ஙனம்,
ஓர் ஆங்கில ஆசிரியை,
நாகர்கோவில்.